வெள்ளிக்கிழமைதோறும் பதினொரு பிள்ளைகள்

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 26 வயது. ஊர் பாளையங்கோட்டைப் பக்கம். எங்கள் சேகரத்தில் (சபை வட்டாரத்தில்) ஓய்வுநாள் பள்ளி, விபிஎஸ் என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி, வாலிபர் கூட்டம் என்று எட்டு வருடம் ஓடினேன். போன ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில், சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து சபை ஒன்றுக்கு இளைஞர் ஊழியராக இரண்டு வருட விசாவில் வந்தேன். சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையன்று என்னை மேடையில் நிறுத்தி ஜெபித்து, டிக்கெட்டுக்குக் காணிக்கையும் எடுத்து அனுப்பினார்கள். இங்கே ஞாயிறு ஆராதனைக்கு நாற்பது பேர்; பாதிக்கு மேல் என் பாட்டி வயது. வெள்ளிக்கிழமை கிளப்புக்குப் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். டேபிள் டென்னிஸ் ஆடுகிறார்கள், டோஸ்ட் தின்கிறார்கள், போய்விடுகிறார்கள். நான் பைபிளை எடுத்தால் அவர்கள் ஃபோனை எடுக்கிறார்கள். எனக்குப் பயிற்சி எதுவும் இன்னும் நடக்கவில்லை; ஹாலைக் கூட்டுவது, ஞாயிறு ப்ரொஜெக்டர், மூதாட்டிகளுக்கு மருந்து வாங்கி வருவது எல்லாம் நான்தான். எல்லாரும் சிரித்துப் பேசுகிறார்கள், வீட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. ஊரிலிருந்து மாதாமாதம் "எத்தனை ஆத்துமாக்கள்?" என்று கேட்கிறார்கள். போன மாதம் தாங்காமல் வேறொரு சபையின் சிறுவர் கூட்டப் படத்தை அனுப்பிவிட்டேன். நாலு மணிக்குள் இருட்டிவிடுகிறது, காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. கிளாஸ்கோவில் இருக்கும் உறவினர் "முதியோரைப் பராமரிக்கும் கேர் ஹோம் வேலைக்கு மாறிவிடு" என்கிறார். மாறலாமா, ஊருக்கே திரும்பிவிடலாமா?

பி.கு. கிளப்புக்கு வரும் 13 வயதுப் பெண் ஒருத்தி ராத்திரி பத்தரைக்கு எனக்கு மெசேஜ் போட்டாள். அம்மாவின் நண்பர் வருகிற நாட்களில் வீட்டில் இருக்கவே பயமாக இருக்கிறதாம். யாரிடமும் சொல்லக்கூடாது என்றாள், சரி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இன்னொன்று, அடுத்த மாதம் சபை ஹாலில் கேலி என்று ஒரு நடனமாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆடலாமா?

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் பின்குறிப்பில் தள்ளியதுதான் எனக்கு முதல் கேள்வி. அதற்கு மட்டும் கடிதம் கிடைத்த அன்றே மின்னஞ்சலில் பதில் போட்டேன், நீங்களும் தாமதிக்காமல் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டீர்கள். இதே இடத்தில் வேறு யாராவது இன்று நிற்கலாம் என்பதால், சில அடையாளங்களை மாற்றி இங்கேயும் எழுதுகிறேன்.

அந்த வாக்கைக் கொடுத்தது தவறு. நம் ஊர்ப் பழக்கம் உங்களை அப்படிச் செய்ய வைத்தது, அவ்வளவுதான். ஓய்வுநாள் பள்ளி அக்காவிடம் ஒரு பிள்ளை மனசைத் திறந்தால் நாம் என்ன செய்வோம்? தலையில் கைவைத்து ஜெபிப்போம், விஷயத்தை வெளியே விடமாட்டோம், நேரம் பார்த்து அம்மாவிடம் பக்குவமாகப் பேசுவோம். நீங்கள் இருக்கும் இடத்தில் ஜெபம் தாராளமாகச் செய்யலாம். மற்ற இரண்டும் கூடாது. அம்மாவிடம் போய்ப் பேசினால், அன்று சாயங்காலமே அது அந்த நண்பரின் காதுக்குப் போகும். பிள்ளை அதே வீட்டில்தான் ராத்திரி படுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். அவள் எழுதியதை அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேதி, நேரத்தோடு அவள் சொற்களிலேயே குறித்துக்கொள்ள வேண்டும். துருவித் துருவிக் கேட்கக்கூடாது. விசாரிப்பது போலீசும் சமூகப் பணித் துறையும் பார்க்கிற வேலை. அன்றைக்கே சபையின் சேஃப்கார்டிங், அதாவது பிள்ளைகள் பாதுகாப்பு, ஒருங்கிணைப்பாளரிடம் சொல்ல வேண்டும். சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் ஒவ்வொரு சபையிலும் அப்படி ஒருவர் உண்டு. ஹால் அறிவிப்புப் பலகையில் பெரும்பாலும் பெயர் ஒட்டியிருக்கும். பிள்ளைக்கு அந்த நிமிடமே ஆபத்து என்று தோன்றினால் யாரையும் தேடவேண்டாம், நேராக அவசர எண் 999. அப்புறம், அவளுக்குத் தெரியாமல் எதுவும் செய்யவும் கூடாது. "யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. நீ பத்திரமாக இருக்க வேண்டும், அதனால் ஒருவரிடம் மட்டும் சொல்லப்போகிறேன்" என்று நேராகச் சொல்லிவிட வேண்டும். கோபப்படுவாள். இரண்டு வாரம் கிளப்புக்கு வரமாட்டாள். பரவாயில்லை.

போனவுடனே, பிள்ளைகளோடு வேலை பார்ப்பவர்களுக்கான பிவிஜி என்று ஒரு பதிவு செய்யச் சொல்லியிருப்பார்கள். டிஸ்க்ளோஷர் ஸ்காட்லாந்து என்ற அரசு அமைப்பு நடத்துவது. 2025 ஏப்ரல் 1 முதல் இந்த மாதிரி வேலைக்கு அது சட்டப்படி கட்டாயம்; இப்போது அது இல்லாமல் வேலை பார்ப்பதே குற்றம். ஆனால் அது உங்கள் பழைய வாழ்க்கையில் கறை இல்லை என்று மட்டும்தான் சொல்லும்; நாளை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லாது. அதைப் பயிற்சியில் கற்க வேண்டும். பயிற்சி இன்னும் நடக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறு மாதமாக நடக்காதது உங்கள் தப்பில்லை, கேட்டு வாங்குவது இனி உங்கள் பொறுப்பு. சொந்த ஃபோனில் பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்துங்கள். சபை ஒரு ஃபோன் தரட்டும், அது ராத்திரி ஒன்பதுக்கு மேல் அணைந்திருக்கட்டும். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்க வேண்டாம், மழை கொட்டினாலும் தனியாகக் காரில் கொண்டுபோய் விடவேண்டாம்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நான் ஒன்றும் பிறவி ஞானி இல்லை. ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் ஒன்பது வருடம் இந்த வேலையைப் பார்த்தேன். முதல் மாதமே, சும்மா இருக்காமல் சேட்டை பண்ணிய ஒரு பத்து வயதுப் பையனின் தலையில் நம் ஊர் வழக்கப்படி செல்லமாக ஒரு குட்டு வைத்தேன். ஹால் அப்படியே நின்றுபோனது. அடிபட்டவனைவிட மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்றைக்கும் மறக்கவில்லை. அன்று சாயங்காலம் சபையின் மூப்பர்களில் வயதான ஒருவர் என்னை உட்கார வைத்து, தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அவர் காலத்தில் பள்ளி வாத்தியார்கள் தோல்வாரால் அடிப்பார்களாம். அந்த வாருக்கு ஊர் பெயரே பட்டப்பெயர்: லாக்கெல்லி. நீங்கள் இருக்கிற ஃபைஃபில்தான் அந்த ஊர். அரசுப் பள்ளிகளில் அடி 1987-இல் நின்றது. 2020 நவம்பர் 7 முதல் ஸ்காட்லாந்தில் பெற்றோரே தம் பிள்ளையை அடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. தோல்வாரிலிருந்து அங்கே வந்துசேர அவர்களுக்கும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருக்கிறது. எனக்கு ஒரு சாயங்காலம்தான் கிடைத்தது.

சரி, இனி டோஸ்டுக்கு வருவோம்.

பாளையங்கோட்டையில் உங்களிடம் வந்த பிள்ளைக்கு 23-ஆம் சங்கீதம் நாலு வயதிலேயே மனப்பாடம். வீட்டில் குடும்ப ஜெபம், தெருவில் சர்ச் மணி, பரீட்சைக்கு முன்னால் ஐயரிடம், அதாவது நம் போதகரிடம், ஜெபம். நீங்கள் செய்தது கட்டி முடித்த வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை. இப்போது நிற்கிற இடத்தில் அஸ்திவாரம் தோண்டவே இல்லை. 2022 கணக்கெடுப்பில் ஸ்காட்லாந்து மக்களில் 51.1 சதவீதம் பேர் மதம் எதுவும் இல்லை என்று குறித்தார்கள். 2011-இல் அது 36.7. சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தில் 1950-களில் 13 லட்சம் அங்கத்தினர் இருந்தார்கள், இன்று 3 லட்சத்துக்கும் கீழே. ஆக, அந்தப் பதினொரு பேரில் பலருக்குச் சபை என்பது பாட்டி கல்யாணப் படத்தில் பின்னால் தெரிகிற கட்டடம். அந்தப் பிள்ளைகள் யாரும் தள்ளாமல், பரிசு கிடைக்காமல், வெள்ளிக்கிழமை ராத்திரி மழையில் நடந்து ஒரு சர்ச் ஹாலுக்குள் வருகிறார்கள். உங்களுக்கு அது பூஜ்யமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை.

இன்னொன்று. நம் ஊரில் சேகரம் என்றால் குடும்ப அட்டை, சங்கக் காணிக்கை, பெயர்ப் பட்டியல். அங்கே பாரிஷ் என்றால் முதலில் ஒரு நிலப்பரப்பு. அதற்குள் குடியிருக்கிற எல்லாரும், சபை வாசலை மிதிக்காதவர் உட்பட, அந்தச் சபையின் கவனிப்பில் இருக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய பழைய கணக்கு. தேசிய சபை என்ற பெயருக்கு அவர்கள் சொல்கிற அர்த்தமும் அதுவே. அதனால் உங்களை வேலைக்கு எடுத்தபோது அவர்கள் மனதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். வேலை விவரக் குறிப்பை எடுத்துத் திரும்பப் படியுங்கள். "அங்கத்தினர் எண்ணிக்கையைக் கூட்டுவது" என்று அதில் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள், அது வேறு பிரச்சினை.

டோஸ்ட் போடுகிற இடம்தான் உங்கள் பிரசங்க மேடை என்று அலங்காரமாக எழுத எனக்கு விருப்பமில்லை. சில ராத்திரி அது வெறும் டோஸ்ட்தான். வெண்ணெய் தீர்ந்துபோகும், எவனாவது டோஸ்டரில் சீஸைச் செருகிப் புகை எச்சரிக்கை மணி அடிக்கும்.

ஆனால் ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 15 வயது. ஏழு மாதம் கிளப்புக்கு வந்தான். "ஆய்" என்ற ஆமாம் தவிர என்னிடம் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை எல்லாரும் போனபிறகு நின்றான். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினான். அதில் நீள்சதுரமாக ஒரு படம், சுற்றிலும் எண்கள். நாலாம் எண்ணுக்கு எதிரே அவன் பெயர். அவனுடைய தாத்தா, 1992-இல் மூடிய ரேவன்ஸ்கிரெய்க் இரும்பாலையில் வேலை பார்த்தவர், இறந்துவிட்டார். ஸ்காட்லாந்தில் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்குவது குடும்பத்தார்தான். பெட்டியைச் சுற்றிக் கயிறுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், யாருக்கு எந்தக் கயிறு என்று முன்கூட்டியே அட்டை கொடுத்துவிடுவார்கள். தலைமாட்டுக் கயிறு மூத்த பிள்ளைக்கு. நாலாம் கயிறு இவனுக்கு. அவனுக்கு ஒரே ஒரு பயம்: கயிறு கையிலிருந்து நழுவிவிட்டால்?

அடுத்த நாள் ஹாலைத் திறந்து வைத்தேன். உடன் இருக்க இன்னொரு தொண்டரையும் வரச்சொன்னேன், அதற்குள் பாடம் கற்றிருந்தேன். அவன் நண்பர்கள் ஐந்து பேர் வந்தார்கள். ஒரு நீள பெஞ்சில் ஸ்கிப்பிங் கயிறுகளைக் கட்டி, தூக்கி, மெதுவாக இறக்கினோம். முதல் தடவை ஒரே சிரிப்பு, பெஞ்ச் சரிந்து ஒருவன் காலில் விழப்பார்த்தது. இரண்டாம் தடவை சிரிப்புக் குறைந்தது. நாலாம் தடவை யாரும் பேசவில்லை, கயிறு கைக்குள் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் நான் பின்னால் நின்றேன். நழுவவில்லை. அப்புறம் ஹாலில் மாட்டுக்கறி வைத்துச் சுட்ட ஸ்டேக் பையும் தேநீரும். கருமாதிச் சாப்பாட்டை அங்கே பர்வி என்பார்கள். என் தட்டில் அவனே ஒரு துண்டு எடுத்து வைத்துவிட்டுப் போனான்.

அவன் அதற்கப்புறம் ஞாயிறு ஆராதனைக்கு வந்தானா? வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தான், டோஸ்ட் சாப்பிட்டான். அந்த மாதம் ஊருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையில் அவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நானும் உங்களைப் போல உட்கார்ந்திருந்தேன்.

அறிக்கை விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் படத்தை அனுப்பியதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். வெட்கத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அது யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகளின் முகம்; பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்நேரம் உங்கள் சேகரத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கும். குழுவில் எழுத வேண்டாம், ஐயரைத் தனியாக ஃபோனில் கூப்பிடுங்கள். "ஐயரவாள், நான் அனுப்பின படம் எங்க சபைப் படம் இல்ல. வெட்கத்துல அனுப்பிட்டேன். அழிக்கச் சொல்லிடுங்க." அவ்வளவு போதும். ஐயர்மார்கள் நாம் நினைப்பதைவிட அதிகம் பார்த்தவர்கள்.

அடுத்த ஜெபக்குறிப்பில் உள்ளதை எழுதுங்கள். பெயர் வேண்டாம், படம் வேண்டாம். "வெள்ளிக்கிழமை 11 பேர் வருகிறார்கள். யாரும் இன்னும் ஜெபிக்கக் கேட்கவில்லை. ஒருவன் போன வாரம் மேஜைகளை மடக்கி வைக்க உதவினான்." இதைப் படித்து இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள். மூன்றாவது ஆள், பெரும்பாலும் ஒரு வயதான அம்மா, அந்த மேஜைப் பையனுக்காகத் தினமும் ஜெபிப்பார்கள். எண்ணிக்கை கேட்பவர்களுக்கு நம் சென்னைக் கதையையே சொல்லலாம். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் பள்ளி தொடங்கினார். 1841-இல் சில மாணவர்கள் ஞானஸ்நானம் வாங்கியதும் மற்ற பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பள்ளியைவிட்டு நின்றார்கள். அந்த வருடம் அவர் ஊருக்கு எழுதிய கணக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பள்ளிதான் வளர்ந்து சென்னை கிறிஸ்தவக் கல்லூரி ஆனது.

இனி உங்கள் அழுகை. இதை ஆவிக்குரிய சோர்வு என்று மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலி வெயிலில் 26 வருடம் இருந்த உடம்பு அது. டிசம்பரில் அங்கே சூரியன் எட்டே முக்காலுக்கு வந்து மூன்றே முக்காலுக்குள் போய்விடுகிறது. வைட்டமின் டி தினம் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளும்படி, முக்கியமாக அக்டோபரிலிருந்து மார்ச் வரை, ஸ்காட்லாந்து அரசே சொல்கிறது. நம் நிறத்துக்கு வருடம் முழுக்க வேண்டும். மதியம் பன்னிரண்டு மணிக்கு, தூறினாலும், அரைமணி வெளியே நடங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால் ஜிபியிடம், அதாவது அங்கத்தைய குடும்ப மருத்துவரிடம், போங்கள். பதிவு செய்திருக்கிறீர்கள்தானே? மருந்துச் சீட்டுக்கு ஸ்காட்லாந்தில் 2011-லிருந்து காசு கிடையாது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிற உறவினர் யாராவது இருந்தால், அவருக்குச் சர்க்கரை மாத்திரை யார் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள்.

"எல்லாரும் சிரித்துப் பேசுகிறார்கள், வீட்டுக்கு மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை" என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுவோம். அவர்களுக்கு நாளும் நேரமும் வேண்டும். "ஒருநாள் வரணும்" என்று யாராவது சொன்னால், அங்கேயே டைரியை எடுத்து "எந்த நாள்?" என்று கேட்டுவிடுங்கள். அநாகரிகம் என்று தோன்றும், ஆனால் அவர்களுக்கு நிம்மதி. ஒரு எச்சரிக்கை: "ஐந்து மணிக்கு டீக்கு வா" என்றால் சாயா பிஸ்கட் என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். நாலு மணிக்கு வயிறு முட்டச் சோறும் ரசமும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மேஜையில் கொத்துக்கறி, மசித்த உருளைக்கிழங்கு, பட்டாணி, அதற்குமேல் ட்ரைஃபிள். அங்கே டீ என்றால் ராத்திரிச் சாப்பாடு. எல்லாவற்றையும் தின்றேன். அந்த அம்மா அதிலிருந்து மாதம் ஒருமுறை கூப்பிட்டார்கள், என்னைப் பெரும் பசிக்காரி என்று நினைத்துக்கொண்டு.

வாரத்தில் ஒருநாள் ஓய்வு, மாதத்தில் ஒருநாள் மேலாளரோடு உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம்: இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். ஹாலைக் கூட்டுவது, ஞாயிறு ப்ரொஜெக்டர், மூதாட்டிகளுக்கு மருந்து வாங்கி வருவது என்று உங்கள் தலையில் ஒவ்வொன்றாக ஏறியிருப்பது கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. முடியாது என்று சொல்லத் தெரியாத பிள்ளையாகத்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள்.

கேர் ஹோம் பற்றிச் சுருக்கமாக. வெளிநாட்டிலிருந்து கேர் வேலைக்குப் புதிதாக ஆள் எடுக்கும் வழியை 2025 ஜூலை 22-இல் மூடிவிட்டார்கள். உங்களுடைய மத ஊழியர் விசா அதிகபட்சம் 24 மாதம், அதுவும் உங்களை ஸ்பான்சர் செய்த சபையோடு கட்டப்பட்டது. வேலையை விட்டால் சபை உள்துறைக்குச் சொல்லியாக வேண்டும். வழக்கமாக 60 நாள் அவகாசம்தான். உறவினருக்குத் தெரிந்த ஏஜென்ட் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ மட்டும் கேளுங்கள். விதிகள் வருடத்துக்கு இரண்டு முறை மாறுகிற காலம் இது.

திரும்பிப் போவதா என்று கேட்டீர்கள். இந்த மாதம் முடிவெடுக்க வேண்டாம். மார்ச் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், அதற்கப்புறம் வெளிச்சம் மளமளவென்று வரும். ஜூனில் ராத்திரி பத்துக்கும் வானம் வெளுத்துக் கிடக்கும். ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை. ஹாலிடே கிளப் நடத்தச் சொல்வார்கள். அது நம் விபிஎஸ்தான், உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்த வாரம் முடிந்தபிறகும் இதே மனநிலை என்றால் திரும்பிவிடுங்கள். முழுசாக இரண்டு வருடம் இருக்காததற்கு யாருக்கும் கடன்பட்டவர் இல்லை நீங்கள், டிக்கெட் காணிக்கை போட்டவர்களுக்கும் சேர்த்து.

கடைசியாக அந்த நடனம். உச்சரிப்பு கேலிதான், ஆனால் நம் கேலி இல்லை. யாரும் சிரிக்க மாட்டார்கள். தாராளமாகப் போய் ஆடுங்கள். பாட்டியும் பேரனும் மூப்பரும் போதகரும் சேர்ந்து ஆடுகிற ஆட்டம் அது. இது ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பதை, படத்தைப் பற்றி ஐயரிடம் பேசும்போதே சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஒரே ஃபோனில் முடியும். சேலை வேண்டாம், சுடிதார் போதும், தட்டையான ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் த வில்லோ என்கிற ஆட்டத்தை அறிவித்தால் மட்டும் முதல் தடவை ஓரமாக நின்று பாருங்கள். எழுபது வயது மூப்பர் ஒருவர் என்னைச் சுழற்றிவிட்ட வேகத்தில் என் கண்ணாடி தேநீர் மேஜைக்குக் கீழே போய்விட்டது.